கழற்றி எடுக்கக்கூடிய இரண்டாவது பற்றறியை ஜீப்பில் எப்படிப் பூட்டுவது?

கேள்வி: என்னிடம் பழைய பஜீரோ ஒன்று இருக்கிறது. சங்குப்பிட்டிப் பாலம் தாண்டி பூநகரி, மன்னார்ப் பக்கம் மணல் பாதைகளில் ஓடி இரவு தங்குவோம். சின்னப் பிரிட்ஜ், லைட், போன் சார்ஜ் இவற்றுக்குத் தனிப் பற்றறி வேண்டும். கழற்றி வீட்டுக்கும் கொண்டுபோகக்கூடியதாகச் செய்யலாமா?

பதில்:

செய்யலாம். பற்றறியை ஒரு பெட்டிக்குள் வைத்துத் தூக்கக்கூடியதாகச் செய்ய வேண்டும், என் டபிள்கப்பில் இருப்பதும் அப்படியொரு பெட்டிதான். யாரோடு கதைத்தாலும் முதலில் எந்தப் பற்றறி நல்லது என்றுதான் கேட்கிறார்கள். பற்றறியைத் தெரிவுசெய்வது சுலபம். காசையும் கவனத்தையும் வயரிலும் பியூஸிலும் போடுங்கள்.

பற்றறியைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். 12.8 வோல்ட், 100 அம்பியர்மணி லித்தியம் அயன் பொஸ்பேட் ஒன்று போதும். கணக்குக்கு 1280 வாட்மணி. சின்னப் பிரிட்ஜ் ஓடும்போது 50 வாட் அளவில் இழுக்கும். எங்கள் வெயிலுக்குப் பாதி நேரமாவது ஓடும். அப்படிப் பார்த்தால் ஒரு நாளுக்கு 600 வாட்மணி. லைட், போன் எல்லாம் சேர்த்தாலும் ஒரு இரவும் அடுத்த பகலும் தாராளமாக ஓடும். அதே அளவு ஈய அமிலப் பற்றறியில் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். எடையும் 25 கிலோவுக்கு மேல். லித்தியம் 10, 12 கிலோதான். தூக்கிக்கொண்டு திரிய வேண்டிய சாமானுக்கு இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

இதை அல்டனேட்டரோடு (எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் கருவி) நேராகக் கொடுக்காதீர்கள். லித்தியத்தின் உள்தடை மிகக் குறைவு. அல்டனேட்டர் எவ்வளவு கொடுக்கிறதோ அவ்வளவையும் இழுக்கும். மணலில் லோ கியரில் மெதுவாகப் போகும்போது காற்றோட்டம் இல்லை, எஞ்சின் பக்கம் ஏற்கெனவே கொதிக்கும். அந்த நேரம் முழுச் சுமையும் ஏறினால் அல்டனேட்டர் சுருள் கருகலாம். இடையில் 20 அம்பியர் டிசி-டிசி சார்ஜர் ஒன்று வையுங்கள், வாகன மின்சாரத்தை இரண்டாவது பற்றறிக்கு ஏற்றபடி அளவாகக் கொடுக்கும் கருவி அது. எஞ்சின் ஓடி வோல்ட் ஏறினால்தான் அது வேலை தொடங்கும். நிறுத்தினால் தானே வெட்டிவிடும். அதனால் காலையில் ஸ்டார்ட் ஆகுமா என்ற பயம் இல்லை. ஒன்றரை மணிநேர ஓட்டத்தில் 30 அம்பியர்மணி ஏறும். சோலார் பலகையும் பூட்டக்கூடிய வகையாக வாங்கினால் பகலில் ஜீப்பை நிறுத்திவைத்தே நிரப்பலாம்.

சரி, வயர். பொனட்டிலிருந்து பின்பக்கம் 5 மீற்றர் என்று வையுங்கள். போக வர 10 மீற்றர். 20 அம்பியர் கொடுப்பதற்குச் சார்ஜர் 25 அம்பியர் இழுக்கும்போது, வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில் 1.75 வோல்ட் வழியிலேயே போய்விடும். வயரும் சூடேறும். 6 இல் 0.7 வோல்ட், 16 இல் 0.3 வோல்ட்டுக்கும் குறைவு. ஆகவே 16. வெல்டிங் கேபிள் நல்ல தெரிவு. மெல்லிய செப்பு இழைகள் நிறைய இருப்பதால் குலுக்கலுக்கு முறியாது. அதன் ரப்பருக்கு எண்ணெயும் சூடும் ஆகாது, குழாய்க்குள் விட்டுக் கொண்டுபோங்கள். மறை முனைக்கும் தனி வயர் இழுங்கள். "பொடியில் எர்த் கொடுத்தால் போதும்", அதாவது வாகனத்தின் இரும்புத் தகட்டிலேயே பூட்டலாம் என்பார்கள். உப்புக்காற்றில் ஓடும் வாகனத்தில் அந்த போல்ட் எத்தனை நாளைக்குத் துருப்பிடிக்காமல் இருக்கும்?

பியூஸ் இரண்டு பக்கமும் வேண்டும், ஏனென்றால் இரண்டு பக்கமும் பற்றறி இருக்கிறது. ஜீப் பற்றறியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 40 அம்பியர். பெட்டிக்குள் பற்றறி முனையிலேயே பூட்டும் எம்ஆர்பிஎஃப் வகையில் 60. லித்தியத்தில் ஷோர்ட் ஆனால் ஆயிரக்கணக்கான அம்பியர் பாயும். மலிவான பியூஸ் உருகிய பிறகும் உள்ளே தீப்பொறி தொடர்ந்து பாயலாம். எம்ஆர்பிஎஃப் வகை 10,000 அம்பியர் வரை அறுக்கும்.

கழற்றுவதற்கு 50 அம்பியர் அண்டர்சன் பிளக், அதிக மின்னோட்டம் தாங்கும், கையால் இழுத்துக் கழற்றும் பிளக் அது. சிகரெட் லைட்டர் சொக்கெட் 10, 15 அம்பியருக்கு மேல் தாங்காது, குலுக்கலில் கழன்றும் வரும். சார்ஜரைப் பெட்டியின் வெளிச்சுவரில் அலுமினியத் தகடு வைத்துப் பூட்டுங்கள். உள்ளே வைத்தால் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பல லித்தியம் பற்றறிகளுக்கு சார்ஜ் ஏற்றும் வெப்ப எல்லை 45 பாகைதான்; மத்தியான வெயிலில் கண்ணாடி ஏற்றிய ஜீப் அதை இலகுவாகத் தாண்டும். பெட்டியைத் தரை வளையத்தில் ரட்செட் பெல்ட் போட்டு இறுக்குங்கள். பிரேக் அடித்தால் 12 கிலோ முன்னுக்குப் பறந்து வரும்.

அப்புறம் வீடு. 2022 இல் 13 மணிநேரம் கரண்ட் வெட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். 90களில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட ஊர் இது. எங்களுக்கு இதெல்லாம் புதிதில்லை. பெரும்பாலான ரூட்டர்கள் 12 வோல்ட்தான், இன்வேட்டர் தேவையில்லை. ஆனால் நிரம்பிய லித்தியம் சார்ஜில் இருக்கும்போது 14.6 வோல்ட் வரை போகும், இடையில் சின்ன ரெகுலேட்டர் வையுங்கள். 12 வோல்ட் மின்விசிறியும் அப்படியே.

இன்னொன்று, ஜீப் பற்றறி இறங்கினால் இந்தப் பெட்டியிலிருந்து ஜம்ப் கொடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். உள்ளே இருக்கும் பிஎம்எஸ் (பற்றறியைக் காக்கும் மின்னணுச் சுற்று) பெரும்பாலும் 100 அம்பியர்தான் விடும், டீசல் ஸ்டார்ட்டர் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். வேறு வாகனத்திலிருந்து ஜம்ப் எடுக்க ஜம்பர் கேபிளைத் தனியாகக் கொண்டுபோங்கள்.