மாட்டுப்பட்டி கட்ட யாரிடம் கொடுப்பது? முதலில் கம்பத்தின் காலடியைப் பாருங்கள்

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கத்தில் எங்களுக்கு நாற்பது பேர்ச் சொந்தக் காணி, உறுதிப் பத்திரத்தோடு இருக்கிறது. சரிவான நிலம். நான்கு பசுக்களைக் கட்டவும் புல்லும் தீவனமும் வைக்கவும் 30 அடிக்கு 20 அடியில், மரக்கம்பம் நட்டுத் தகரம் போட்ட பட்டி ஒன்று கட்ட வேண்டும். மகன் கட்டாரிலிருந்து பணம் அனுப்புகிறான். ஒரு கொந்தராத்துக்காரர் சாமான், கூலி, அனுமதி எல்லாம் சேர்த்து ஒரே தொகை சொல்லி, பாதியை அட்வான்ஸாகக் கேட்கிறார். இன்னொரு பாஸ், "சாமானை நீங்களே எடுங்கள், எனக்குக் கூலி மட்டும் போதும்" என்கிறார். கூட்டிப் பார்த்தால் இவருடையது கொஞ்சம் அதிகமாக வருகிறது. யாரிடம் கொடுப்பது?

பதில்: சகோதரி, இரண்டு தொகைகளையும் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் பார்த்தாலும் பதில் வராது. அந்தத் தொகைக்குள் எத்தனை அடிக் கம்பம், எத்தனை அடிக் குழி, எந்தத் தகரம் என்று ஒருவரும் எழுதித் தரவில்லை. எழுதாத வேலைக்கு மலிவு, விலை அதிகம் என்று ஒன்றும் கிடையாது.

வீட்டில் சுவர் கூரையைத் தாங்கும். நீங்கள் கட்டப்போகும் பட்டியில் சுவர் வெறும் மறைப்புத்தான், பாரம் முழுவதும் கம்பத்தில். பாரத்தை விட மோசமானது காற்று. மூன்று பக்கம் திறந்த கொட்டகைக்குள் தென்மேல் பருவக் காற்று புகுந்தால் கூரையைக் கீழே தள்ளாது, மேலே தூக்கும். அப்போது கம்பத்தைப் பிடித்து வைத்திருப்பது மண்ணுக்குள் இருக்கும் அந்த நான்கு அடிதான். வேலை முடிந்த பிறகு கண்ணுக்குத் தெரியாத பகுதியும் அதுதான், ஏமாற்றுவதற்கு வசதியான இடமும் அதுதான்.

உங்கள் அளவுக்குப் பத்தடிக்கு ஒரு கம்பம் என்று வைத்தால் நீளத்தில் நான்கு, அகலத்தில் மூன்று, மொத்தம் பன்னிரண்டு. ஒவ்வொன்றும் 14 அடி நீளம், அடிப்பக்கம் ஆறு அங்குலத்துக்குக் குறையாத தடிப்பு. நான்கு அடி மண்ணுக்குள், பத்து அடி வெளியே. இதை அப்படியே ஒரு தாளில் எழுதி இருவரிடமும் கொடுத்து, இதற்கு எவ்வளவு என்று மறுபடி கேளுங்கள். இரண்டு தொகைகளும் ஒன்றுக்கொன்று கிட்ட வந்துவிடும், பாருங்கள்.

நான் கட்டட வேலைகளை மேற்பார்வை செய்து வந்த காலத்தில் ஒரு பட்டியைப் பார்க்கப் போனேன். ஜூன் மாதக் காற்றில் ஒரு மூலைக் கம்பம் அப்படியே பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. கூரை சரிந்து ஒரு கன்று செத்துப்போனது. கம்பத்தை அளந்தால் 12 அடியும் சில்லறையும். காசு கொடுத்து வாங்கியது 14 அடி. மீதி எங்கே என்று தேடினோம். வீட்டுக் குசினிக்குப் பின்னால் விறகோடு விறகாக ஏழு மரத்துண்டுகள் அடுக்கிக் கிடந்தன, ஒவ்வொன்றும் ஒன்றரை அடி. குழி தோண்டும்போது கல் வந்திருக்கிறது. உடைக்கச் சோம்பல்பட்டுக் கம்பத்தின் அடியை வாளால் அறுத்துவிட்டார்கள். வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்தத் துண்டுகளைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கறையானும் உக்கலும் பிடிக்காமல் இருக்க மருந்து ஏற்றிய மரம் இலேசான பச்சை நிறமாக இருக்கும். அந்த மருந்தில் செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றும் இருக்கின்றன. ஆர்சனிக் நஞ்சு. வெட்டிய துண்டையோ சீவலையோ அடுப்பில் வைக்கவே கூடாது, அந்தச் சாம்பலை மரக்கறிப் பாத்திக்குப் போடவும் கூடாது. எந்த பாஸும் இதைச் சொல்வதில்லை. குழந்தைகள் இருக்கிற வீட்டில் அந்த விறகு எரிந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

மருந்து மரத்தின் வெளிச்சுற்றில்தான் ஊறும், நடு வைரத்துக்குள் அவ்வளவாகப் போகாது. ஆகவே வெட்டிய முனை மண்ணுக்குள் போனால் கறையானுக்கும் உக்கலுக்கும் வாசல் திறந்து கொடுத்த மாதிரி. நீளத்தைக் குறைக்கத்தான் வேண்டும் என்றால் தலைப்பக்கம் வெட்டலாம், அடிப்பக்கம் வெட்டக்கூடாது.

பழைய எஞ்சின் ஒயிலைப் பூசிவிட்டு "ட்ரீட்மென்ட் பண்ணின மரம்" என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். அது மேல்தோலில் நிற்கும் கறுப்பு, அவ்வளவுதான். மாடு நக்கினால் அதன் வயிற்றுக்கும் கேடு. ஒரு கம்பத்தின் தலைப்பக்க முனையை மட்டும் உங்கள் கண் முன்னால் ஓர் அங்குலம் அறுக்கச் சொல்லிப் பாருங்கள். உண்மையாக மருந்து ஏறிய மரம் என்றால் ஓரத்திலிருந்து உள்ளே ஒரு பச்சை வளையம் தெரியும். அந்தக் கம்பத்தை, அறுத்த முனை மேலே வருவதுபோல் நடச் சொல்லுங்கள். பச்சை வளையம் இல்லாவிட்டால் லொறியைத் திருப்பி அனுப்புங்கள். டர்பன்டைன் மரம் மருந்து இல்லாமலும் நிற்கும் என்பார்கள். அதே டர்பன்டைன் இளமரத்தை வெட்டி ஈரத்தோடு கொண்டுவந்து நட்டுவிட்டுப் போவார்கள். சவுக்கு மரத்தை (தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் மரம்) கூரைச் சட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், மண்ணுக்குள் வேண்டாம். மரத்தோடு வாங்கிய பற்றுச்சீட்டும், தேவைப்படும் மரம் என்றால் போக்குவரத்து அனுமதியும் வர வேண்டும். இடைவழியில் லொறி பிடிபட்டால் உங்கள் அட்வான்ஸும் அதோடு போகும்.

இனி நிலம். சரிவை வெட்டி மட்டமாக்கும்போது மேற்பக்கம் வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டுவார்கள். பார்க்க மட்டமான திட்டு, ஆனால் பாதி கெட்டி மண், பாதி நேற்றுக் கொட்டிய மண். கீழ் வரிசைக் கம்பங்கள் அந்தப் புது மண்ணில் நின்றால் நான்கு அடி ஆழம் இருந்தும் பயன் இல்லை. புது மண் எவ்வளவு தடிப்போ அதையும் தாண்டி, பழைய மண்ணுக்குள் நான்கு அடி போக வேண்டும். அதாவது கீழ் வரிசைக்கு இன்னும் நீளமான கம்பம் வேண்டும். நல்ல பாஸ் இதை நீங்கள் கேட்கும் முன்பே சொல்வார். காணியைப் பார்க்காமல் சதுர அடிக்கு இவ்வளவு என்று டவுனில் தேநீர்க்கடையில் உட்கார்ந்து சொல்கிறவர் சொல்லமாட்டார்.

கல் வந்தால் என்ன செய்வது? நம் மலைநாட்டில் இந்தக் கேள்வி வராத வேலையே இல்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இரண்டடியில் அலவாங்கு கல்லில் பட்டால் முதலில் அது உருண்டைக் கல்லா, அடிப்பாறையா என்று பார்க்க வேண்டும். குழியைச் சுற்றி ஓரடி அகலமாக்கினால் தெரிந்துவிடும். உருண்டைக் கல் என்றால் கிளப்பி எடுக்கலாம், அல்லது குழியை ஓரடி தள்ளலாம். கல்லின் முதுகில் கம்பத்தை நிறுத்தக்கூடாது, மழைக்குக் கல்லே நகரும். அடிப்பாறை என்றால் அதில் ஓரடி ஆழம் துளைபோட்டு 16 மில்லிமீற்றர் கம்பி இரண்டை சீமெந்துக் கலவையில் இறுக்க வேண்டும். அதன்மேல் தரைக்குச் சற்று மேலே வரும்வரை கொங்கிரீட் கட்டை எழுப்பி, அதில் பதித்த இரும்புப் பட்டைகளுக்கு நடுவே கம்பத்தை வைத்து போல்ட் போட வேண்டும். இப்படி நிற்கும் கம்பம் மண்ணில் புதைந்த கம்பத்தைப் போல ஆடாமல் நிற்காது. ஆகவே அதற்கு மேல்பக்கம் இரண்டு திசையிலும் சாய்வுக்கட்டை அடிக்க வேண்டும். பன்னிரண்டில் ஒன்றோ இரண்டோ இப்படி வந்தால் பரவாயில்லை. பாதிக்கு மேல் பாறை என்றால் இது கம்பம் நடும் நிலமே இல்லை. அத்திவாரம் கட்டித் தூண் எழுப்புகிற வேலை, தொகையும் வேறு. அதனால் ஒப்பந்தம் எழுதும் முன்னரே நான்கு மூலைக் குழிகளை மட்டும் நாள்கூலிக்கு வெட்டிப் பாருங்கள். ஒரு நாள் கூலி போகும், அவ்வளவுதான்.

குழிக்குள் கம்பத்தை நிறுத்திய பின் சுற்றிலும் மண்ணை ஒரே தடவையில் தள்ளி மேலே மிதித்துவிட்டுப் போவது ஒரு பழக்கம். அரை அடி மண், பிறகு இடி, மறுபடி அரை அடி, மறுபடி இடி, அப்படித்தான் நிரப்ப வேண்டும். மேலே கொங்கிரீட் போடுகிறவர்கள் தரைக்கு மூன்று அங்குலம் உயர்த்தி வெளிப்பக்கம் சரிவாக மட்டம் வைக்கட்டும். தட்டையாகவோ குழிவாகவோ விட்டால் மழைத்தண்ணீரும் மாட்டு மூத்திரமும் அங்கேயே தேங்கும். கம்பம் பெரும்பாலும் உக்கத் தொடங்குவது தரை மட்டத்தை ஒட்டித்தான்.

சரி, ஆளைத் தெரிவு செய்யும் விஷயம். இருவரிடமும், மூன்று மழைக்காலமாவது தாண்டிய பட்டி ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். போன மாதம் கட்டியது வேண்டாம், எல்லாக் கொட்டகையும் முதல் மாதத்தில் அழகாகத்தான் இருக்கும். போகும்போது ஒரு பேனாக்கத்தி கொண்டு போங்கள். கூரையைப் பார்க்காமல் குனிந்து, கம்பம் மண்ணைத் தொடும் இடத்தில் கத்தி நுனியை அழுத்துங்கள். கால் அங்குலம்கூடப் போகவில்லை என்றால் நல்லது. வெண்ணெயில் போவதுபோல் போனால் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். அந்த வீட்டுப் பெண்ணிடம் தனியாக ஒரு கேள்வி: "காசு கொடுத்த பிறகு கூப்பிட்டால் வந்தாரா?"

பதிவுச் சான்றிதழ் காட்டினால் கவனமாகப் பாருங்கள். நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபை கொந்தராத்துக்காரரைத் தரம் பிரித்துப் பதிவு செய்கிறது. ஆனால் சான்றிதழ் ஒருவருடையது, வேலைக்கு வருகிறவர் வேறொருவர் என்பது இங்கே சாதாரணம். தாளில் உள்ள பெயரும் அவருடைய அடையாள அட்டையும் ஒன்றா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

"அனுமதி எல்லாம் நான் எடுத்துத் தருகிறேன்" என்கிற உங்கள் முதல் ஆள்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. அவர் கட்டுபவர் இல்லை, தரகர் என்றே நினைக்கிறேன். வேலையை வாங்கி, தன் பங்கை எடுத்துக்கொண்டு, குறைந்த கூலிக்கு இன்னொருவருக்குக் கொடுப்பார். ஹாட்வெயாரிலும் அவருக்குக் கொமிஷன் இருக்கும். அதனால்தான் 0.47 மில்லிமீற்றர் தகரத்துக்குக் காசு வாங்கி, விரலால் அழுத்தினால் குழி விழும் தகரத்தை இறக்குவார்கள். உறுதியின் பிரதியையும் வெறுந்தாளில் கையெழுத்தையும் தயவுசெய்து அவரிடம் கொடுக்காதீர்கள்.

அனுமதியை நீங்களே எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். பிரதேச சபைக்கு ஒரு விண்ணப்பம். நுவரெலியா மாவட்டம் மண்சரிவு அபாயமுள்ள மாவட்டம் என்பதால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையும் கேட்பார்கள். "மாட்டுக் கொட்டகைக்கு எதற்கு?" என்று பலர் கேட்கிறார்கள். கொட்டகை கனமில்லை, உண்மைதான். ஆனால் அதற்காக நீங்கள் சரிவை வெட்டுகிறீர்கள். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் மலை சரிந்து என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் மலைநாட்டில் பல இடங்கள் சரிந்ததையும் பார்த்தோம். காணியில் நீளமாக வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரங்கள், முன்பு இல்லாத ஊற்று, இவற்றில் ஒன்று இருந்தாலும் அறிக்கை வரும்வரை மண்வெட்டியைத் தொடாதீர்கள்.

இதில் எனக்கும் ஆத்திரம்தான். ஒரு மாட்டுப்பட்டிக்காக ஒரு குடும்பம் எத்தனை படி ஏறி இறங்குகிறது! பஸ் கூலி போட்டு, ஒரு நாள் பால் விட்டுப் போய் நின்றால், "அந்த ஐயா இன்று இல்லை, புதன்கிழமை வாருங்கள்." படிவத்தைத் தமிழில் கேட்டால் முடிந்துவிட்டது என்கிறார்கள். 1987 முதல் தமிழும் அரசகரும மொழி. தமிழில் கேளுங்கள், இல்லை என்றால் தமிழிலேயே கடிதம் எழுதிக் கொடுத்துப் பிரதியில் முத்திரை வாங்குங்கள். இந்த அலைச்சல்தான் தரகர்களை வளர்க்கிறது. அலுவலகம் ஒழுங்காக நடந்தால் அவர்களுக்கு இங்கே வேலையே இல்லை. பட்டியின் உள்ளமைப்புக்கு, அதாவது தரைச் சரிவு, தொட்டி, சாணிக் குழி ஆகியவற்றுக்கு, உங்கள் பிரிவுக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேளுங்கள். அங்கே சொல்லித் தருவார்கள்.

தோட்டக் காணியில் கட்டுகிறவர்களுக்கு இந்த அனுமதி வழி மட்டும் போதாது. அங்கே முதலில் தோட்ட நிர்வாகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும்.

பணம் கொடுக்கும் முறை இப்படி இருக்கட்டும். சாமான் நீங்களே வாங்கினால் அட்வான்ஸ் பெரிதாகத் தேவையில்லை, கூலியில் பத்து வீதம் போதும். பன்னிரண்டு குழிகளும் வெட்டி முடிந்ததும், கம்பம் இறங்கும் முன், ஒரு குச்சியில் நான்கு அடி குறித்து (கீழ் வரிசைக்குப் புது மண்ணின் தடிப்பையும் கூட்டிக்கொண்டு) ஒவ்வொரு குழியிலும் நீங்களே இறக்கிப் பாருங்கள். அளவு நாடாவோடு போட்டோ எடுத்து மகனுக்கு அனுப்புங்கள். பணம் அனுப்புகிறவன் அவன், அவனும் பார்க்கட்டும். குழி சரி என்றால் ஒரு பங்கு. கம்பம் நிமிர்ந்து சட்டம் ஏறியதும் ஒரு பங்கு. கூரை முடிந்ததும் இன்னொன்று. கடைசிப் பத்து வீதம் முதல் பெருமழை தாண்டிய பிறகு. யாராவது கூரையிலிருந்து விழுந்தால் யார் பொறுப்பு என்பதையும் எழுதுங்கள். இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு ஒரு தாள் இருந்தால், சச்சரவு வந்து இணக்கசபைக்குப் போகும்போது பேச ஒரு ஆதாரம் இருக்கும். வாய்ப்பேச்சோடு போய் அங்கே உட்கார்ந்து அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆக, உங்கள் இரண்டாவது பாஸ் பக்கம்தான் என் மனம் சாய்கிறது, அவர் கட்டிய பழைய பட்டியில் கத்தி உள்ளே போகாவிட்டால். கூடுதலாக வரும் தொகைக்குப் பயப்படாதீர்கள், அது பெரும்பாலும் முதல் ஆள் கணக்கில் காட்டாத நீளத்தின் விலை. இரண்டு பேருமே பழைய வேலையைக் காட்டப் பின்வாங்கினால் இருவரையும் விட்டுவிட்டு, பால் சேகரிக்கும் இடத்தில் மற்ற வளர்ப்பாளர்களிடம் யார் கட்டினார்கள் என்று விசாரியுங்கள். ஜனவரியில் குழி வெட்டத் தொடங்கினால் மே மாத மழைக்கு முன் மண் இறுகிவிடும். இப்போதே மழை தொடங்கியிருந்தால் அவசரப்பட வேண்டாம், அனுமதி வேலையை மட்டும் இந்த மாதங்களில் முடித்து வைத்துக்கொள்ளுங்கள்.