போராளி யார், ஆர்வலர் யார்?

கேள்வி: அரசியல் போராட்டத்தில் இறங்குபவர்களை உங்கள் இதழில் ஒருமுறை போராளி, ஒருமுறை ஆர்வலர், இன்னொருமுறை கிளர்ச்சியாளர் என்று எழுதுகிறீர்கள். எல்லாம் ஒன்றுதானே? பிடித்தவர் என்றால் போராளி, பிடிக்காதவர் என்றால் வெறியர். இதுதானே உங்கள் பத்திரிகை தர்மம்? (விழுப்புரம் வாசகர்)

பதில்: ஒன்றல்ல. ஒன்றுதான் என்று நினைத்து எழுதினால் ஒருவரை விசாரணையில் மாட்டிவிட முடியும். இன்னொருவரின் பல வருட உழைப்பைப் பொழுதுபோக்காகச் சுருக்கிவிடவும் முடியும்.

போராளியை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் மதுக்கடையை மூடச் சொல்லி ஒரு நாள் சாலையில் உட்கார்ந்தவரும் போராளிதான். இலங்கையில் அப்படி இல்லை. அங்கே 1980களிலிருந்து போராளி என்றால் ஆயுதம் ஏந்திய இயக்கத்தில் இருந்தவர். 'முன்னாள் போராளி' என்றால், 2009இல் போர் முடிந்தபின் அரசின் புனர்வாழ்வு முகாம்களுக்குப் போய்வந்த ஏறத்தாழ 12,000 பேரில் ஒருவர் என்றே படிப்பார்கள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார்கள் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அவர்களைச் சென்னையிலிருந்து ஒருவர் 'வீரப் போராளிகள்' என்று பாராட்டினால் எழுதியவருக்கு ஒரு நட்டமும் இல்லை. அந்தத் தாய்க்குத்தான் ஆபத்து. அவர்கள் தங்களைக் 'காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள்' என்கிறார்கள். நாமும் அப்படியே எழுத வேண்டும்.

கிளர்ச்சியாளரும் இப்படித் திசை மாறிய சொல்தான். 1938இல் 'இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சி' என்றபோது மறியல், ஊர்வலம், கறுப்புக்கொடி என்று பொருள். இன்றைய தொலைக்காட்சிச் செய்தியில் கிளர்ச்சியாளர் என்றால் ஏமனின் ஹூதிகள். அதாவது, துப்பாக்கி வைத்திருப்பவர்கள். பழைய போராட்டத்தின் பெயராக வரும் இடத்தில் கிளர்ச்சி இருக்கட்டும். டெல்லி எல்லையில் டிராக்டரோடு உட்கார்ந்த விவசாயியைக் கிளர்ச்சியாளர் என்று எழுதக் கூடாது.

தீவிரவாதி இன்னும் மோசம். 1907 டிசம்பரில் சூரத் காங்கிரஸ் உடைந்தபோது கோகலே பக்கம் மிதவாதிகள், திலகர் பக்கம் தீவிரவாதிகள் என்று வரலாற்று நூல்கள் எழுதின. திலகரை ஆதரித்து சூரத்துக்குப் போனவர்களில் வ.உ.சி.யும் பாரதியும் உண்டு. அடுத்த வருடமே வ.உ.சி.க்கு ராஜத்துரோக வழக்கில் திருநெல்வேலி நீதிமன்றம் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. கப்பல் கம்பெனி நடத்தியதும், கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்றதும், மேடையில் பேசியதும்தான் அவர் செய்தவை. அந்தச் சொல்லை இன்று விளக்கமில்லாமல் அவருக்குப் போட்டால், பள்ளிப் பிள்ளை அவரை வெடிகுண்டு வைத்தவராகவே புரிந்துகொள்ளும். 'தீவிர தேசியவாதி' என்று நாங்கள் எழுதுவதன் காரணம் இதுதான்.

செய்தி அறைகளில் அளவுக்கு மீறிப் புழங்குவது ஆர்வலர். 'அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ்' என்று தொடங்கும் குறளில் ஆர்வலர் என்பவர் அன்புடையவர். பறவை ஆர்வலர், தொல்லியல் ஆர்வலர் என்பதெல்லாம் இன்றும் பொருத்தம்தான். ஆனால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, 30 நாளில் பதில் வராமல் முதல் மேல்முறையீடு, பிறகு தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு என்று அலைந்து, ஒரு குவாரியில் அனுமதிக்கு மேல் எவ்வளவு மணல் அள்ளினார்கள் என்ற கணக்கை வெளியே கொண்டுவந்தவரை 'சமூக ஆர்வலர்' என்று முடிப்பது அநியாயம். அவர் தகவல் உரிமைச் செயற்பாட்டாளர். 'செயற்பாட்டாளர்' என்று மொட்டையாக விடாமல் துறையையும் சேர்த்தால்தான் அவர் செய்தது வாசகருக்குத் தெரியும்.

இதில் மறுபக்கமும் உண்டு. ஒரு கட்சியின் ஒன்றியச் செயலாளர் ஆட்சியரிடம் மனுக் கொடுத்தாலும் மறுநாள் செய்தியில் அவர் 'சமூக ஆர்வலர்' ஆகிவிடுகிறார். அவருடைய கட்சி வாசகரிடமிருந்து மறைந்துவிடுகிறது. எந்த அமைப்பு, அதில் என்ன பொறுப்பு, இந்தப் பிரச்சினையில் எத்தனை வருடமாக இருக்கிறார் என்று நிருபர் கேட்க இரண்டு நிமிடம் போதும். கேட்காததால்தான் இவ்வளவு குழப்பமும்.

கட்சிக்காரர்கள் விஷயத்திலும் அதே அலட்சியம். அட்டை வாங்கியவர் உறுப்பினர், பொறுப்பில் இருப்பவர் நிர்வாகி, வாக்கும் அன்பும் மட்டும் தருபவர் ஆதரவாளர் அல்லது அனுதாபி. தொண்டர் என்பது களத்தில் உழைப்பவருக்கு உரிய பெயர். அடிதடி நடத்தியவர் வட்டச் செயலாளராகவே இருந்தாலும் 'தொண்டர்கள் மோதல்' என்று தலைப்பிட்டால் தப்பிப்பது நிர்வாகி, பழி சுமப்பது தொண்டர்.

அடுத்து, ஒரு தரப்பு மற்றதன் மேல் ஒட்டும் பெயர்கள். 2017 ஜனவரி 17 முதல் மெரினாவில் கூடிய ஜல்லிக்கட்டுப் போராட்டக்காரர்களை எல்லாச் செய்திகளும் மாணவர்கள், இளைஞர்கள் என்றன. 23ஆம் தேதி காலையில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தத் தொடங்கியது. அன்றே 'சமூக விரோதிகள் ஊடுருவிவிட்டார்கள்' என்ற பேச்சு கிளம்பியது. ஐஸ் ஹவுஸ் காவல் நிலையத்தில் தீ, நடுக்குப்பம் மீன் சந்தையில் தீ. காவலர்களே வாகனங்களுக்குத் தீ வைப்பதாகக் காட்டும் காணொளிகளும் அன்றைக்கே பரவின. இப்படிப்பட்ட நாளில் 'சமூக விரோதிகள் ஊடுருவினர்' என்று நிருபர் தன் வாக்கியமாக எழுதுவது பெரும் பிழை. 'என்று காவல்துறை கூறியது' என்று சேர்த்தே ஆக வேண்டும். 2021 பிப்ரவரி 8 அன்று மாநிலங்களவையில் பிரதமர் மோடி சொன்ன 'ஆந்தோலன்ஜீவி'க்கும் இதே விதிதான். போராட்டத்திலேயே பிழைப்பவர் என்பது அதன் பொருள். சொன்னவர் பெயரோடு, மேற்கோள் குறிக்குள் மட்டுமே அது வரலாம். சங்கி (சங் பரிவார் ஆதரவாளர்), உபி ('உடன்பிறப்பு' என்பதன் சுருக்கம், திமுகக்காரர்) போன்ற ஏச்சுப் பெயர்களுக்கும் விலக்கு கிடையாது.

தியாகி என்றால் உயிர்விட்டவர் மட்டும் அல்ல. விடுதலைப் போராட்ட வீரர்களுக்காக மத்திய அரசு 1972இல் கொண்டுவந்த ஓய்வூதியத்துக்குப் பொதுவாக ஆறு மாதச் சிறைவாசம் தகுதி. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மூன்று மாதம். அப்படிச் சிறை சென்று திரும்பி முதுமைவரை வாழ்ந்தவர்களையும் ஊர் தியாகி என்றே அழைத்தது. 1964 ஜனவரி 25 அன்று திருச்சியில் தீக்குளித்த கீழப்பழுவூர் சின்னசாமி மொழிப்போர் தியாகி. எந்தப் போராட்டம், சிறையா சாவா என்பதைப் பக்கத்திலேயே எழுதிவிட்டால் குழப்பம் இல்லை.

வெறியர் என்ற சொல்லைச் செய்திகளில் நாங்கள் எழுதுவதில்லை. கருத்துக் கட்டுரையாளர் தன் பெயரைப் போட்டு, காரணமும் காட்டினால் அனுமதிக்கிறோம். பேருந்துக் கண்ணாடி உடைந்தால், எந்தப் பணிமனைப் பேருந்து, எத்தனை மணிக்கு, எத்தனை பேர் மேல் எந்தப் பிரிவில் வழக்கு என்று எழுதுகிறோம். கைதானவரைத் தீர்ப்பு வரும்வரை குற்றவாளி என்பதும் இல்லை. இந்த விதிகளை எங்கள் இதழ் எங்கேயாவது ஆள் பார்த்து மாற்றியிருந்தால் இதழின் தேதியையும் பக்க எண்ணையும் குறித்து எழுதுங்கள். சரிபார்த்து, தவறென்றால் அடுத்த இதழில் இதே பக்கத்தில் திருத்தம் வெளியிடுவோம்.