மூக்கு ஒழுகாத சைனஸ் தலைவலி

கேள்வி: எனக்கு வயது 38. மூன்று வாரமாக உச்சந்தலையிலும் இடது கண்ணுக்குப் பின்னாலும் வலி. குனிந்தாலோ இருமினாலோ கூடுகிறது. இரவில் தூக்கம் கலைகிறது. ஒற்றைத் தலைவலி என்று தந்த மாத்திரைகள் கேட்கவில்லை. மூக்கடைப்பு இல்லை, சைனஸ் எக்ஸ்ரேயிலும் ஒன்றுமில்லை. வேறு என்னவாக இருக்கும்?

பதில்: எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்பதால் சைனஸை ஒதுக்கிவிட வேண்டாம். சைனஸ் என்பது முக எலும்புகளுக்குள் இருக்கும் காற்றறை. நமக்குத் தெரிந்த சைனஸ்கள் கன்னத்திலும் நெற்றியிலும் இருப்பவை. மண்டையோட்டின் நடுவில், பிட்யூட்டரி சுரப்பிக்குக் கீழே ஸ்பீனாய்டு சைனஸ் என்று ஒன்று இருக்கிறது. அது மட்டும் தனியாகச் சீழ் பிடிப்பது அபூர்வம். அப்படிப் பிடித்தால் வலி உச்சந்தலை, பிடரி, கண்ணின் பின்புறம் என்று எங்கெங்கோ தெரியும். முகத்தை அழுத்திப் பார்த்தால் வலிக்காது. சாதாரண எக்ஸ்ரேயில் மற்ற எலும்புகளின் நிழல் அதன்மேல் விழுவதால் எளிதில் தப்பிவிடும்.

மூக்கு ஏன் ஒழுகவில்லை? இந்த சைனஸின் வாய் மூக்கின் பின்கோடியில் இருக்கிறது. அதனால் சளி முன்னால் வராமல் தொண்டைக்குள் இறங்குகிறது. “சளி இருக்கிறதா?” என்று கேட்டால் இல்லை என்பவர்கள், “காலையில் தொண்டையைச் செருமுகிறீர்களா?” என்றால் “ஆமாம், அது எப்போதும் உண்டுதானே” என்பார்கள்! நீங்களும் கவனித்துப் பாருங்கள்.

நீங்கள் சொல்லும் வலி ஸ்பீனாய்டு தொற்றுக்குப் பொருந்துகிறது. ஆனால் தலைக்குள் அழுத்தம் கூடினாலும் குனியும்போதும் இருமும்போதும் இப்படி வலிக்கலாம். ஆகவே ஊகத்தில் மருந்து வேண்டாம். காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்து எண்டோஸ்கோப்பியும் (மூக்குக்குள் மெல்லிய குழாய்க் கேமரா விட்டுப் பார்ப்பது) சி.டி. ஸ்கேனும் செய்துகொள்ளுங்கள். பாக்டீரியா தொற்றென்றால் ஆன்டிபயாட்டிக், மூக்கு ஸ்பிரே முதலியவற்றில் பலருக்குக் குணமாகும். பூஞ்சை உருண்டையாகத் திரண்டிருந்தால் எண்டோஸ்கோப்பி வழியே அறுவை செய்து எடுக்க வேண்டும்; மாத்திரைக்கு அது கரையாது. சர்க்கரை நோய் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சர்க்கரை நோயாளிகளிடம் பூஞ்சை சில சமயம் வேகமாகப் பரவும்.

இந்த சைனஸை ஒட்டியே பார்வை நரம்பும் கண்ணை அசைக்கும் நரம்புகளும் போகின்றன. பார்வை மங்கினாலோ, இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ, இமை தொங்கினாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.