பெட்ரோல் கார் தடைதான் நிறுவனங்களை மின்சாரக் காருக்குத் தள்ளுகிறதா?

2035-க்குப் பிறகு புதிய பெட்ரோல் கார் விற்கக் கூடாது என்று ஐரோப்பா சட்டம் போட்ட பயத்தில்தான் நிறுவனங்கள் மின்சாரக் காருக்கு மாறுகின்றனவா, இந்த நிலையில் நாம் பெட்ரோல் கார் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். காரைக்குடியில் கார் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் எனக்கு இது பிழைப்போடு ஒட்டிய கேள்வி. என் கடையில் அதிகம் விற்கும் ஆயில் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், கிளட்ச் பிளேட் ஆகிய மூன்றுக்குமே மின்சாரக் காரில் வேலையில்லை. அதனால் இந்தச் சட்டங்களைச் சற்று ஊன்றியே படித்து வருகிறேன்.

நிறுவனங்களை விரட்டுவது தடைத் தேதி அல்ல, அத்தேதிக்கு முன் ஆண்டுதோறும் கழுத்தில் நிற்கும் அபராதமே என்பது என் கருத்து. கடன் முடியும் நாளைவிட அடுத்த மாதத் தவணைதான் கடன் வாங்கியவரைத் தூங்கவிடாது என்பது கொடுக்கல் வாங்கல் பார்த்து வளர்ந்த எங்கள் பகுதியாருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஐரோப்பியச் சட்டத்தில், ஒரு நிறுவனம் விற்ற புதிய கார்கள் அனைத்தின் சராசரி கரியமில வாயு வெளியீட்டுக்கு ஒரு வரம்பு உண்டு. கிலோமீட்டருக்கு ஒரு கிராம் மிகுந்தாலும், விற்ற ஒவ்வொரு காருக்கும் 95 யூரோ கட்ட வேண்டும். பத்து இலட்சம் கார் விற்கும் நிறுவனம் 10 கிராம் மீறினால் அபராதம் 95 கோடி யூரோ. மின்சாரக் கார் இந்தச் சராசரியில் பூச்சியம் என்று கணக்கில் சேர்வதால், அதைச் சற்று நட்டத்துக்கு விற்றாலும் மொத்தத்தில் இலாபமே. தன்னிடம் போதிய மின்சாரக் கார் இல்லாத ஃபியட் கிரைஸ்லர், 2019-இல் டெஸ்லாவுக்குப் பணம் கொடுத்து அதன் கார்களைத் தன் சராசரியோடு சேர்த்துக்கொண்டதும் இந்தக் கணக்கால்தான்.

பிரிட்டனைப் பாருங்கள். 2030 என்றிருந்த தடையை 2023 செப்டம்பரில் 2035-க்குத் தள்ளினார்கள். பிறகு வந்த அரசு மீண்டும் 2030-க்குக் கொண்டுவந்தது. ஆனால் தேதி தள்ளிப்போனபோதும், விற்கும் புதிய கார்களில் 2024-இல் 22 சதவீதமும் 2030-இல் 80 சதவீதமும் புகையில்லாதவையாக இருக்க வேண்டும் என்ற அட்டவணை அப்படியே நின்றது. நிறுவனங்கள் அந்த அட்டவணையைப் பார்த்துத்தான் விலையைக் குறைத்தன.

கட்டாயம் தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 1998 முதல் 2 சதவீதம் புகையில்லாக் கார் விற்க வேண்டும் என்று கலிபோர்னியா 1990-இல் விதித்த பிறகு, ஜெனரல் மோட்டார்ஸ் ஈவி1 என்ற மின்சாரக் காரைக் கொண்டுவந்தது. விதி நீர்த்துப்போனதும், குத்தகைக்கு விட்டிருந்த வண்டிகளைத் திரும்பப் பெற்றுப் பெரும்பாலானவற்றை நசுக்கிவிட்டது. ஐரோப்பிய ஆணையமும் 2025 டிசம்பரில் 2035-க்கான 100 சதவீதக் கரியமில வாயுக் குறைப்பை 90 ஆக்க முன்மொழிந்துள்ளது. நார்வேயிலோ தடைச் சட்டமே இல்லை. பெட்ரோல் காருக்குக் கடும் வரி, மின்சாரக் காருக்கு வரிச்சலுகை என்ற ஏற்பாட்டிலேயே 2024-இல் விற்ற புதிய கார்களில் ஏறத்தாழ 89 சதவீதம் மின்சாரக் கார்கள்.

இந்தியாவிலும் பெட்ரோல் காருக்குத் தடை இல்லை. 150 சிசிக்குக் குறைந்த பெட்ரோல் இருசக்கர வண்டிகளை 2025-க்குள் நிறுத்தலாம் என்று நிதி ஆயோக் 2019-இல் சொன்ன யோசனை, உற்பத்தியாளர்களின் எதிர்ப்பில் அடங்கிவிட்டது. ஆனால் ஐரோப்பா போன்ற சராசரி வரம்பு இங்கும் உண்டு. 130 கிராமாக இருந்தது 2022-23 முதல் 113 ஆனது. அதோடு மின்சாரக் காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம் மட்டுமே. ஸ்ரீபெரும்புதூரில் ஹூண்டாயின் கிரெட்டா எலெக்ட்ரிக் கார் தயாராவதற்கு இவையே போதிய காரணம்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. இன்று வாங்கும் பெட்ரோல் காரின் பதிவு 15 ஆண்டு செல்லும், பிறகும் புதுப்பிக்கலாம். ஆகவே தடைக்குப் பயந்து முடிவெடுக்க வேண்டாம். வீட்டு முகப்பில் சார்ஜ் போட வசதியிருந்து, தேவகோட்டை, புதுக்கோட்டை என்று அன்றாடம் போய்வருபவர் தாராளமாக மின்சாரக் கார் வாங்கலாம். வீட்டில் இருப்பது ஒரே கார், அதிலேயே அடிக்கடி சென்னை போக வேண்டும் என்றால், இப்போதைக்கு நான் பெட்ரோலையே சொல்வேன்.