ஜெர்மன் எலக்ட்ரானிக் இசையை யாரிடமிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

எல்லோரும் கிராஃப்ட்வெர்க் குழு என்பார்கள், தப்பே இல்லை. என்னைக் கேட்டால் மானுவேல் கோட்ஷிங்.

1952-இல் பெர்லினில் பிறந்தவர், அடிப்படையில் கிட்டார்காரர். சின்ன வயதில் கிளாசிகல் கிட்டார், அப்புறம் ப்ளூஸ். 1970-இல் ஹார்ட்முட் எங்கே, கிளாஸ் ஷுல்ட்ஸே இருவரோடும் சேர்ந்து ஆஷ் ரா டெம்பிள் குழுவைத் தொடங்கியபோது 18 வயதுகூட ஆகவில்லை, அல்லது அப்போதுதான் ஆகியிருந்தது. 1975-இல் கிட்டார், எக்கோ கருவி, நாலு டிராக் ரெக்கார்டர், இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஒரு முழு ஆல்பம் போட்டார். கேட்டால் சின்தசைசர்தான் என்று சத்தியம் செய்வீர்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது 1981 டிசம்பர் 12 பற்றி. ஹாம்பர்க் போக வேண்டியிருந்தது, விமானத்தில் வாக்மேனில் கேட்க ஏதாவது வேண்டுமே என்று வீட்டு ஸ்டுடியோவில் உட்கார்ந்து கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் வாசித்தார். ஒரே மூச்சில், பின்னால் ஒட்டு வேலை எதுவும் இல்லாமல். அதுதான் 'இ2-இ4'. செஸ்ஸில் ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்துவோமே, அந்தப் பெயர்.

அதை வெளியிடலாமா என்றே அவருக்குக் குழப்பம். வர்ஜின் ரெக்கார்ட்ஸ் முதலாளி ரிச்சர்ட் பிரான்சனுக்குப் போட்டுக் காட்டியபோது பிரான்சன் மடியில் இருந்த குழந்தை தூங்கிப்போனதாக கோட்ஷிங்கே சொல்லியிருக்கிறார். கடைசியில் 1984-இல் ஷுல்ட்ஸேயின் சின்ன இசை நிறுவனத்தில் வந்தது. அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை: வாக்மேனுக்காகச் செய்ததை நியூயார்க்கின் பாரடைஸ் கராஜ் கிளப்பில் டிஜே லாரி லெவன் போட, ஜனம் ஆடியது. 1989-இல் இத்தாலிக்காரர்கள் அதை எடுத்து 'சுவென்யோ லத்தீனோ' என்று ஹிட் ஆக்கினார்கள்.

முதல் தடவை நான் இருபது நிமிஷத்தில் நிறுத்திவிட்டேன். இரண்டே கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) திரும்பத் திரும்ப வருகிறதே, எவ்வளவு நேரம்தான் கேட்பது? இன்னொரு நாள் பாத்திரம் தேய்க்கும்போது ஓடவிட்டேன், கை ஈரம் என்பதால் நிறுத்த முடியவில்லை. பாதி தாண்டியதும் திடீரென்று கிட்டார் நுழைந்தது, குழாயை மூடிவிட்டு அப்படியே நின்றேன்.

அதனால் பாதியில் நிறுத்தாதீர்கள். பிடித்தால் அடுத்து 1976-இல் வந்த 'நியூ ஏஜ் ஆஃப் எர்த்'. அதை ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.