வீட்டுக்குள்ளேயே வளரும் பூனை சலிப்பில் விடிய விடியக் கத்துகிறது. பூனைக் கதவு (பூனை தானே முட்டித் திறந்து போய்வர, பெரிய கதவில் துளை போட்டு மாட்டும் சிறு மூடி) வைத்தால் சரியாகுமா?

சரியாகும். ஆனால் அந்தக் கதவு எங்கே போய்த் திறக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. அடுக்குமாடியில்தான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தனி வீடாக இருந்தால் இந்நேரம் பின்கட்டைத் திறந்துவிட்டுத் தூங்கப் போயிருப்பீர்கள்.

முதலில் ஒரு கேள்வி: கருத்தடை செய்தாயிற்றா? பருவத்துக்கு வந்த பெண் பூனையும் இப்படித்தான் ஊரைக் கூட்டும். அதற்குக் கதவு மருந்தாகாது, கால்நடை மருத்துவரிடம்தான் போக வேண்டும். அதெல்லாம் ஆயிற்று என்றால் மேலே படியுங்கள்.

எங்கள் வீடு வேளச்சேரியில், மூன்றாவது மாடி. சொப்பு சாதாரண நாட்டுப் பூனைதான். விடியலிலும் அந்தியிலும் வேட்டைக்குக் கிளம்புகிற பிராணி என்பதால், நாம் அசந்து தூங்கும் நேரத்தில் அதற்கு ரத்தம் சூடாகும். பால்கனிக் கதவைப் பிறாண்டும். திறந்தால் வெளியே போய் ஒரு சுற்று சுற்றிவிட்டு, மூடியதும் உள்ளே வரக் கத்தும். கதவைத் திறந்தே போட்டால் கொசு, ஏசி போட்டும் பயனில்லை. இந்த வாயிற்காவலர் வேலையை இனியும் பார்க்க முடியாது என்றுதான் ஆசாரியை வரவழைத்தேன்.

கதவுக்கு முன்பே பால்கனி முழுக்க வலை அடித்துவிட்டேன். புறாவுக்காக அடிப்பார்களே, அதே நைலான் வலைதான். கொக்கிகளை மட்டும் நெருக்கமாக அடிக்கச் சொன்னேன். "பூனை எங்கிருந்து விழுந்தாலும் காலூன்றி நிற்கும், வலை எதற்கு?" என்று கேட்பவர்கள் கட்டாயம் வருவார்கள். நியூயார்க்கில் மாடியிலிருந்து விழுந்து மருத்துவமனைக்கு வந்த 132 பூனைகளைப் பற்றி 1987இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியானது. பெரும்பாலானவை பிழைத்தன, உண்மைதான். ஆனால் நெஞ்சில் அடி, தாடை முறிவு என்று எத்தனையோ காயங்கள். விழுந்த இடத்திலேயே செத்தவை அந்தக் கணக்கில் வருவதில்லை.

கதவில் துளை போடும்போது, அதன் கீழ் விளிம்பு பூனையின் வயிற்று மட்டத்தில் இருக்கட்டும். அகலம், தோள் தடையில்லாமல் நுழையும் அளவு போதும். அறுத்த விளிம்பில் வார்னிஷ் அடிக்காமல் விட்டால் ஐப்பசி மழையில் பிளைவுட் ஊதிவிடும். உங்களுடையது நகரும் கண்ணாடிக் கதவு என்றால் கைவைக்காதீர்கள்: கடினப்படுத்திய கண்ணாடியில் துளை போட முயன்றால் மொத்தமும் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். கதவு ஓடும் தடத்தில் ஒரு குறுகிய பலகையை நிறுத்தி, அதில் துளை போட்டுக்கொள்ளலாம்.

மாட்டிய அன்றே நுழையும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மூடியை நூலால் தூக்கிக் கட்டி, அந்தப் பக்கம் நெத்திலிக் கருவாடு வைத்தேன். சொப்பு தலையை நீட்டியது, முன்னங்கால்களை வைத்தது, அப்படியே நின்றுவிட்டது. பாதி உடம்பு பால்கனியில், பின்பாதி கூடத்தில். ஏசிக் காற்று இரண்டுக்கும் நடுவே வெளியேறிக்கொண்டிருந்தது. ஆற அமர யோசித்துவிட்டுத்தான் வாலை இழுத்துக்கொண்டது. இப்போது விடிந்ததும் தானே போய், வேப்பங்கிளை அணிலைப் பார்த்துப் பல்லைக் கடகடவென்று அடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கத்தல் குறைந்துவிட்டது. பால்கனியில் வேடிக்கை பார்க்க எதுவும் இல்லையென்றால் குப்பைமேனியை வேரோடு பிடுங்கிப் போடுங்கள், புரண்டு புரண்டு விளையாடும். தின்ன விடாமல் எடுத்துவிடுங்கள். லில்லித் தொட்டி இருந்தால் அப்புறப்படுத்துங்கள், அது பூனையின் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும்.

பூனைக்கு இத்தனை ஆடம்பரமா என்பவர்களுக்கு: என் கதவு, என் ஆசாரி, என் பணம்.

இதைச் சொல்லும்போது எங்கள் குடியிருப்போர் சங்கத்தையும் சொல்லியாக வேண்டும். வலை கட்டடத்தின் அழகைக் கெடுக்கிறதாம். கீழ்வீட்டார் தலையில் சொட்டும் ஏசி தண்ணீர் அழகைக் கெடுக்கவில்லை, மாடிப்படியில் அடுக்கிய செருப்பு அலமாரிகள் கெடுக்கவில்லை, என் வலை கெடுத்துவிட்டது! கூடவே, பூனை வளர்க்கவே அனுமதி கிடையாது என்றும் சொன்னார்கள். செல்லப்பிராணியை வளர்க்கக் கூடாது என்று சங்கம் தடைபோட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலை அச்சடித்துச் செயலாளரிடம் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தவர், "இதில் நாய் என்றுதானே போட்டிருக்கிறது?" என்றார். போட்டிருப்பது நாய்தான், மறுக்கவில்லை. அரசியலமைப்பின் 51ஏ(ஜி) பிரிவு உயிரினங்களிடம் கருணை காட்டச் சொல்கிறதே, அதில் பூனை நீங்கலாக என்று எங்கே இருக்கிறது என்று கேட்டேன். பொதுக்குழுவில் பேசிக்கொள்ளலாம் என்று எழுந்துவிட்டார். வலை இருக்கிறது, கதவும் இருக்கிறது. பொதுக்குழுவை இன்றுவரை கூட்டவில்லை.