நூலகப் பட்டியலில் கண்ட புத்தகத்தை மறுபடி தேடாமல் இருக்க

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வுக்காக ஐந்தாறு நூலகங்களின் இணையப் பட்டியல்களில் தேடுகிறேன். வேண்டிய புத்தகம் கிடைத்தால் அந்த லிங்க்கை எனக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்துக்கொள்வேன். மறுநாள் தட்டினால் 'நேரம் முடிந்துவிட்டது' என்று வருகிறது. நெறியாளருக்கும் உடன் ஆய்வு செய்யும் இருவருக்கும் இந்தப் பட்டியலைக் காட்ட வேண்டும். என்ன செய்யலாம்?

பதில்: பல நூலகத் தளங்களில், தேடியதும் முகவரிப் பட்டையில் தெரிவது அந்த நேரத்துத் தேடலுக்காக உருவான முகவரி. நீங்கள் வெளியேறியதும் அதுவும் செத்துப்போகும். பதிவின் பக்கத்தில் 'பெர்மாலிங்க்', அதாவது மாறாத நிலையான முகவரி, இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் ஒவ்வொரு பதிவிலும் எல்.சி.சி.என். (அந்த நூலகத்தின் பதிவு எண்) பெர்மாலிங்க் என்று தனியாகவே கொடுக்கிறது.

ஆனால் லிங்க்கை மட்டும் நம்பி இருக்காதீர்கள். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் மீது இணையத் தாக்குதல் நடந்தது. அதன் பட்டியல் மீண்டும் இணையத்துக்கு வந்தது 2024 ஜனவரியில்தான். லிங்க் மட்டும் வைத்திருந்தவர்கள் அதுவரை என்ன செய்திருப்பார்கள்? ஆகவே தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு எல்லாம் சேர்ந்த பதிவையே உங்கள் கணினிக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

அதற்கு நான் சொல்வது ஜோட்டெரோ என்ற, நூல் விவரங்களைச் சேமித்து வைக்கும் மென்பொருள். இலவசம், 2006 முதல் இருக்கிறது. கணினியில் அதை நிறுவி, பிரவுசரில் அதன் கனெக்டர் என்ற துணைநிரலையும் சேர்த்துவிட்டால், பெரும்பாலான நூலகப் பட்டியல்களில் ஒரே சொடுக்கில் பதிவு உள்ளே வந்துவிடும். தேடல் முடிவுகள் பக்கத்தில் கனெக்டரின் படம் ஒரு ஃபோல்டராக மாறும். அதை அழுத்தினால் வேண்டிய பதிவுகளை மட்டும் டிக் செய்து எடுத்துக்கொள்ளலாம். கனெக்டர் வேலை செய்யாத தளத்தில், ஆர்.ஐ.எஸ். கோப்பாக (ஜோட்டெரோவில் ஏற்றக்கூடிய நூல் விவரக் கோப்பு) இறக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

பதிவு வந்ததும் அழைப்பெண்ணும் (புத்தகம் அலமாரியில் எங்கே என்று காட்டும் எண்) நூலகத்தின் பெயரும் நிரம்பியிருக்கின்றனவா என்று ஒரு பார்வை பார்க்கவும். இல்லையென்றால் கையால் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து கவுண்டரில் போய் நிற்கும்போது உங்களிடம் கேட்பது அதைத்தான்.

தமிழ்ப் புத்தகங்களுக்கு ஒரு தனித் தலைவலி உண்டு. 1962 முதல் பி.எல். 480 திட்டத்தில் (அமெரிக்கா விற்ற தானியத்துக்கு இந்தியா கொடுத்த ரூபாயிலேயே புத்தகம் வாங்கிய திட்டம்) இந்தியப் புத்தகங்கள் மூட்டை மூட்டையாக அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குப் போயின. அதனால் இங்கே தேடி அலுத்த நூல் சிகாகோவில் இருக்கலாம். ஆனால் அங்கே தலைப்பை ரோமன் எழுத்தில், அவர்களுக்கென்று உள்ள முறையில் எழுதியிருப்பார்கள். ச என்றால் 'எஸ்' கிடையாது, 'சி' எழுத்துதான். க எங்கே வந்தாலும் 'கே'. சங்கம் என்று நாம் வழக்கமாக ஆங்கிலத்தில் அடிப்பது போல 'எஸ்'ஸில் தொடங்கித் தேடினால் பல பதிவுகள் சிக்காது. பதிவை எடுத்தபின் ஜோட்டெரோவில் தலைப்பைத் தமிழிலேயே திருத்திவிட்டு, ரோமன் வடிவத்தைக் குறிப்பில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி அதே பட்டியலில் தேட அது வேண்டும். ஐ.எஸ்.பி.என். என்ற புத்தக எண் இருந்தால் இத்தனை பாடு இல்லை, ஆனால் 1970க்கு முந்தைய புத்தகங்களில் அதை எதிர்பார்க்க முடியாது.

சரி, பகிர்வது எப்படி? ஜோட்டெரோ தளத்தில் நால்வருக்கும் ஒரு குழு தொடங்குங்கள். தனிக்குழுவாக வைத்தால் வெளியார் பார்க்க முடியாது. பதிவுகளுக்கு இட வரம்பு இல்லை, பி.டி.எஃப். இணைத்தால்தான் இலவச 300 எம்.பி. கரையும், அதுவும் குழுவைத் தொடங்கியவர் கணக்கில். பலரும் கவனிக்காத ஒன்று: உங்கள் தனிச் சேமிப்பிலிருந்து குழுவுக்கு இழுத்துப் போடும்போது அது நகல்தான். அப்புறம் ஒன்றில் செய்யும் திருத்தம் மற்றதில் ஏறாது. எனவே முதல் நாளிலிருந்தே குழுவுக்குள் நேராகச் சேமிப்பது நல்லது. நெறியாளர் 'இதெல்லாம் எனக்கு வேண்டாம்' என்பவரானால், வேண்டியவற்றைத் தேர்ந்தெடுத்து நூற்பட்டியலாக நகலெடுத்து மின்னஞ்சலில் ஒட்டி அனுப்பிவிடுங்கள்.

உங்கள் கல்லூரி நூலகம் கோஹா என்ற நூலக மென்பொருளில் ஓடுகிறதென்றால் அங்கேயே பட்டியல் போடும் வசதி உண்டு. உள்நுழைந்து, 'லிஸ்ட்' என்பதில் சேருங்கள். பக்கத்திலேயே இருக்கும் 'கார்ட்'டில் போட்டால், பிரவுசரை மூடியதும் எல்லாம் போய்விடும்.